தங்க இலை ரோபினியா மரத்தின் அடியில் பச்சைக் கிளைகள் முளைப்பது ஏன்? எப்படிப் பராமரிப்பது?

நீங்கள் வாங்கியது ஒட்டுக்கன்று. பிளாக் லோகஸ்ட் என்கிற ரோபினியாவின் அலங்கார ரகங்களை, அதாவது 'பிரிசியா' என்ற தங்க இலை ரகத்தையும் குடை மாதிரி உருண்டு நிற்கும் 'அம்ப்ராகுலிபெரா'வையும், சாதாரணப் பச்சை ரோபினியாவின் வேரிலோ தண்டிலோதான் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். இப்போது அடியில் முளைப்பது அந்த வேர்க்காரனின் பிள்ளைகள். மேலே இருப்பதைவிட வேகமாக வளரும், விட்டால் சில வருஷத்தில் தங்கம் போய் பச்சை மட்டும்தான் மிஞ்சும்.

நான் செய்த தப்பு, கத்தரிக்கோலால் தரையோடு வெட்டியது. ஒன்றை வெட்டினால் அதே இடத்தில் மூன்று வந்தது. மண்ணைக் கையால் விலக்கி, அந்தப் பச்சைக் கிளை வேரிலிருந்து கிளம்பும் இடம் வரை போய், பிய்த்து எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம், இலைக்காம்பின் இரண்டு பக்கமும் ஜோடியாக முள் இருக்கும். அப்புறம் மரத்தைச் சுற்றி மண்வெட்டி போடாதீர்கள், வேரில் காயம் பட்ட இடத்திலிருந்தெல்லாம் புதுக் கன்று கிளம்பும். காய்ந்த இலை, வைக்கோலால் மூடாக்குப் போட்டு விட்டுவிடுங்கள்.

உரம்? வேண்டாம். நம் அகத்தி மாதிரி இதுவும் அவரைக் குடும்பம், வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துக் கொடுத்துவிடும். நான் ஆசையாக எருவைக் கொட்டிய வருஷம் கிளை நீளநீளமாக, சதைப்பற்றோடு வந்தது, முதல் பலத்த காற்றில் ஒரு கிளை கவட்டையோடு கிழிந்து தொங்கியது. இந்த மரத்தின் கட்டை வேலிக்கால் நட்டால் பல வருஷம் மக்காமல் நிற்கும், ஆனால் உயிரோடு இருக்கும்போது கிளை மட்டும் சட்டென்று முறியும். அதனால் சின்ன வயதிலேயே ஒரே நடுத்தண்டு விட்டு, குறுகலான கவட்டைகளை எடுத்துவிடுங்கள். கவாத்து கோடையின் பிற்பகுதியில் செய்வது நல்லது, வசந்தத்தில் வெட்டினால் வெட்டுவாயில் சாறு வடியும்.

முழு வெயில், தண்ணீர் தேங்காத மண், இவ்வளவு போதும். முதல் இரண்டு வருஷம் ஊற்றினால் சரி, வேர் பிடித்தபிறகு வறட்சியைத் தாங்கும்.

இன்னொன்று, குளிர்காலம் முடிந்து மற்ற மரமெல்லாம் துளிர்த்தபிறகும் இது மொட்டையாகவே நிற்கும். நான் செத்துவிட்டது என்று நினைத்து ரம்பத்தோடு போனவன். நகத்தால் பட்டையைச் சுரண்டினேன், உள்ளே பச்சை. இரண்டு வாரம் கழித்து மஞ்சள் துளிர் வந்தது. சாயங்காலமானால் சிற்றிலைகள் தொங்கி மடங்கிக்கொள்ளும், அது வாட்டம் இல்லை, தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பட்டை, இலை, விதை எல்லாம் விஷம். குதிரை பட்டையைக் கடித்தால் உயிருக்கே ஆபத்து, குழந்தைகள் காய்ந்த காயை உடைத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, வெளியே போன பல நாடுகளில் வேர்க்கன்று விட்டே காடாகப் பரவியிருக்கிறது. உங்கள் பகுதியில் இது ஆக்கிரமிப்பு மரப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், இன்னொன்று நடும் எண்ணம் இருந்தால்.