நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும்போது

கிழக்கிலங்கையின் மூதூர்த் தாய்மாரிடம் 24 மணிநேர உணவு விவரம் கேட்டால் "சோறும் கறியும்" என்றே முடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விடிய எழும்பியதும் என்ன குடித்தீர்கள் என்று தொடங்கி, நேரம் நேரமாக வாருங்கள். தேத்தண்ணியோடு கடித்த பிஸ்கட், சொதியில் போட்ட முருங்கையிலை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பெண்கள் பலவகை உணவு சாப்பிடுகிறார்களா என்று அறிய, பத்து உணவு வகையில் குறைந்தது ஐந்து தேறுகிறதா என்று பார்க்கும் கணக்கில் கீரை தனி வகை. 15 கிராமுக்குக் குறைந்தால் சேராது. அதனால் வீட்டு அகப்பையையே எடுத்துவரச் சொல்லி அளவு கேளுங்கள். அப்புறம், திரிபோஷா (தாய்மாருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் சத்துமா) கிடைக்கிறதா என்றால் "ஓம்" என்பார்கள். யார் யார் சாப்பிட்டது என்று கேளுங்கள், மூத்த பிள்ளைகளும் கை வைத்திருப்பார்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மனம் விட்டுச் சொல்லமாட்டார்கள், சரி, இன்னொரு நாள் போங்கள்.