உதவித்தொகை மனு ஏன் திரும்பி வருகிறது? கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகை கேட்டு மனுப் போட்டு, "தகுதியில்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பியவர்களின் கேள்விகள் இவை. இந்த மனுக்களை எழுதிக் கொடுப்பதும், மருத்துவ முகாமுக்கு ஆட்களைக் கூட்டிப் போவதும் என் பல வருடப் பழக்கம். பதில்கள் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொன்னவை.

ஐயா, எனக்கு ஒரு கண்ணில் பார்வை சுத்தமாக இல்லை. மெடிக்கல் போர்டில் ஊனம் 30 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். இரண்டில் ஒன்று போனால் 50 வரவேண்டாமா?

இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறோம். டாக்டர் போடும் கணக்கு வேறு. அவர் கையில் மத்திய அரசின் மதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது. ஒரு கண் முழுக்கப் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் அதில் 30தான். அதற்கு மேல் போட அவருக்கே உரிமை கிடையாது. சட்டப்படி சலுகைகள் தொடங்குவது 40 சதவீதத்தில். அந்தப் பத்தில்தான் உங்கள் மனு நின்றுபோனது.

இன்னொன்று, கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். நல்ல கண்ணிலும், கண்ணாடியோடு பார்த்தாலும், 6/18க்குக் கீழே (மற்றவர்கள் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடியும் என்ற அளவு அது) இறங்கிவிட்டால் 40ஐத் தாண்டிவிடும். அப்போது மறுபடி போகலாம். சர்க்கரை இருந்தால் நல்ல கண்ணை வருடா வருடம் காட்டிக்கொள்ளுங்கள், சான்றுக்காக மட்டுமல்ல.

காது இதைவிடக் கறார். நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, கேட்காத காதுக்கு ஒரு பங்கு என்று வைத்து ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுச் செவிடு, மறு காது நல்ல காது என்றால் வருவது 17 சதவீதத்துக்குப் பக்கம்.

அண்ணா, காலுக்கு 30, காதுக்கு 20 என்று தனித்தனியாகப் போட்டார்கள். கூட்டினால் 50. சர்டிபிகேட்டில் 43 என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. இரண்டு குறைபாடுகளை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, வந்ததைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். உங்களுக்கு 90இல் 30 போனால் 60. அதை 20ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 13 சொச்சம். 30உம் 13உம் 43.

நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய கணக்கு இது. கால் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் 30இலேயே நின்றிருப்பீர்கள். இரண்டாவது குறை இருந்தும் சொல்லாமல் விட்டு மனு தள்ளுபடியானவர்கள் நிறையப் பேர். "கால்தானே பெரிய பிரச்சினை, காதைப் போய் எதற்குச் சொல்வது" என்று நினைத்துவிடுகிறார்கள்.

என் கணவருக்கு 55 சதவீதம். அடையாள அட்டையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை கிடையாது என்கிறார்கள். அட்டை எதற்குத்தான் கொடுத்தார்கள்?

அம்மா, அட்டை வேறு, பணம் வேறு. பணத்துக்கும் இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, நீங்கள் போன நல அலுவலகம். அங்கே தருவது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. கை கால் பாதிப்பு என்றால் 75 சதவீதமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத் தண்டுவடக் காயம், பார்கின்சன் போன்றவற்றுக்கு 40 போதும். உங்கள் கணவருக்கு என்ன பாதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை. தண்டுவடக் காயம் என்றால் 55ஏ போதும், "பொதுவான கை கால் பாதிப்பு" என்ற பிரிவில் தவறாகப் பதிந்திருக்கிறார்களா என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நோயின் பெயர் அதில் இருக்கும்.

இரண்டாவது வாசல் தாலுகா ஆபீஸ். வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் அது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பார்க்க வேண்டும். ஊரில் ஓஏபி (முதியோர் பென்ஷன்) தாசில்தார் என்று கேட்டால் சட்டென்று காட்டுவார்கள். அங்கே 40 சதவீதம் போதும், ஆனால் குடும்ப நிலைமையையும் பார்ப்பார்கள். விஏஓவும் வருவாய் ஆய்வாளரான ஆர்ஐயும் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். அன்றைக்கு வீடு பூட்டிக் கிடந்தால் "மனுதாரர் முகவரியில் இல்லை" என்று ஒரு வரி. அதோடு முடிந்தது. மனுப் போட்ட கையோடு விஏஓவைப் பார்த்து, வீட்டில் எப்போது இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டு வாசலிலும் வாங்க முடியாது. 75க்கு மேல் உள்ளவர்கள் முதல் வாசலுக்கே போகலாம். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் வேண்டும். இப்படி 40, 75, 80 என்று ஆளுக்கொரு கோடு போட்டு வைத்திருப்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போட்டு அந்தக் கோடு நகராது.

மகனுக்கு மனச்சிதைவு நோய். பத்து வருடமாக மாத்திரை. போர்டில் 40க்குக் கீழே போட்டுவிட்டார்கள். பையனைப் பார்த்தாலே தெரியாதா?

தெரியாது அம்மா. அதுதான் இதில் சிக்கல். அன்றைக்குக் குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக் கூட்டிப் போயிருப்பீர்கள். டாக்டர் "தானாகக் குளிப்பானா?" என்று கேட்டிருப்பார். நீங்கள் "குளிப்பான் சார்" என்று சொல்லியிருப்பீர்கள். மூன்று முறை கத்தி, தண்ணீர் மொண்டு வைத்து, துண்டை எடுத்துக் கொடுத்த பிறகு குளிக்கிறான் என்பதைச் சொல்லியிருக்கமாட்டீர்கள். நாலு பேர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது.

மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை ஆகிய நான்குக்கும் தனித்தனி மதிப்பெண். நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். வேலைக்குப் போய் எத்தனை நாளில் திரும்பி வந்தான், கடைசியாக எப்போது வெளியாளோடு பேசினான் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். மறைக்காமல் சொன்னால் போதும்.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். நடக்கவே முடியவில்லை. இதைவிடப் பெரிய ஊனம் உண்டா?

கஷ்டம் பெரிதுதான், ஆனால் பட்டியலில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்கள் எல்லாம் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, புற்றுநோயும் இல்லை. சர்க்கரையால் பார்வை குறைந்திருந்தாலோ, காலை எடுத்திருந்தாலோ அதை வைத்துச் சான்று கேட்கலாம். டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள்.

விபத்தில் கால் முறிந்து பிளேட் வைத்து நான்கு மாதம் ஆகிறது. "இப்போது தரமுடியாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

சிகிச்சையால் இனி முன்னேற்றம் இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் அளப்பார்கள். எலும்பு கூடிக்கொண்டிருக்கும் காலில் நிரந்தர ஊனத்தை எப்படி அளப்பது? சிகிச்சை முடிந்ததும், டிஸ்சார்ஜ் சம்மரியும் புது எக்ஸ்ரேயுமாகப் போங்கள்.

சதவீதம் எல்லாம் சரி. பெயரில் இனிஷியல் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியல் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த நிலைதான். முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும். வங்கிக் கணக்கு மனுதாரர் பெயரில், ஆதார் இணைத்து, நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளுக்கு அறிவுசார் குறைபாடு. ஒழுங்காக வந்துகொண்டிருந்த பணம், பத்து வயது முடிந்ததும் நின்றுவிட்டது.

சான்றிதழில் "வரை செல்லும்" என்ற இடத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு உண்டு. 18இல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். இது நிராகரிப்பு இல்லை, காலாவதி. புதுச் சான்று வாங்கி நல அலுவலகத்தில் கொடுங்கள்.

நிராகரித்தால் மேல்முறையீடு உண்டா, இல்லை புதிதாகவே மனுப் போடவேண்டுமா?

முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "சர்வர் ஏற்கவில்லை" என்றால் அது காரணம் ஆகாது. தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

காரணம் ஆவணக் குறை என்றால் திருத்திக்கொண்டு புதிதாகப் போடுவதே சீக்கிரம். சதவீதமே தவறு என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். எந்த அளவு தவறாக எடுக்கப்பட்டது என்று குறிப்பிட்டு, வேறொரு மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கையை இணையுங்கள். "நான் மிகவும் கஷ்டப்படுகிறேன்" என்று நான்கு பக்கம் எழுதினால் அது கோப்பில் தூங்கும். தகுதி இருந்தும் அலுவலகம் இழுத்தடிக்கிறது என்றால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் வராதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம்.

30ஐ 45 ஆக்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். போகலாமா?

போகாதீர்கள். பொய்யாகச் சலுகை வாங்கினால், வாங்க முயன்றாலும்கூட, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது நீங்கள், அவர் இல்லை.