பழைய ஃபோர் வீல் ஜீப்: வாங்குமுன் அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி: பீஞ்சமந்தை பக்கம் மலையில் எங்களுக்குச் சாமை நிலமும் கொஞ்சம் புளிய மரங்களும் இருக்கின்றன. மழைக்காலத்தில் சாதாரண கார் ஏறுவதில்லை. கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு மஹிந்திரா தார் டீசல் ஒன்றும், 2007ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. எதை வாங்கலாம்? மெக்கானிக்கை அழைத்துப் போனால் போதுமா?
– ஒடுகத்தூர் வாசகர்

பதில்: மெக்கானிக்கை அவசியம் அழைத்துப் போங்கள். ஆனால் அவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் நீங்கள் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) படியுங்கள், பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சின் கெட்டால் பணத்தைச் செலவழித்துச் சரிசெய்துகொள்ளலாம். பதிவு பொருந்தாத வண்டியையும் சேஸிஸ் (அடிச்சட்டம்) அரித்துப்போன வண்டியையும் எவ்வளவு செலவழித்தாலும் நேராக்குவது கடினம்.

ஜிப்சியின் 15 ஆண்டுப் பதிவு 2022இலேயே முடிந்திருக்கும். புதுப்பித்திருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. புதுப்பித்தல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும். வண்டியை ஆய்வாளர் நேரில் பார்த்த பிறகே கிடைக்கும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 15 ஆண்டு கடந்த கார், ஜீப்புகளுக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். காலம் கடத்தினால் மாதத்துக்கு 500 ரூபாய் தனியாகச் சேரும். பசுமை வரியும் உண்டு. "பேப்பர் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் சார்" என்று புரோக்கர் சொன்னால், அவரே எடுத்துக் கொடுத்த பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள். தாருக்கு 2028 வரை இந்தக் கவலை இல்லை.

அடுத்தது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும். நம் பகுதியில் பழைய ஜீப்புகளுக்கு வேறு வண்டியின் எஞ்சினைப் பொருத்துவது நெடுநாள் வழக்கம். நன்றாகவே ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடுக்கிறது. தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து விலகும் மாற்றம் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முன் அனுமதி பெற்று அதே வகை எஞ்சினை மாற்றி, ஆர்.சி.யிலும் பதிந்திருந்தால் பிரச்சினை இல்லை. சேஸிஸில் வெட்டியுள்ள எண்ணைத் துணியால் துடைத்து உங்கள் கண்ணாலேயே படியுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி அடிப்பகுதி. ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி, என்று விற்கப்படும் பல பழைய ஜீப்புகளில் அந்தச் சக்தியை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டே இருக்காது. டீசல் மிச்சமாகும் என்று யாரோ ஒருவர் கழற்றி வைத்திருப்பார், அது அடுத்தடுத்த கைகளுக்கு வராமலே போயிருக்கும். உள்ளே ஃபோர் வீல் போடும் இரண்டாவது லீவர் மட்டும் ஒய்யாரமாக நிற்கும். எனவே குனிந்து பாருங்கள்: எஞ்சின் சக்தியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு ஷாஃப்டுகள் போக வேண்டும். ஷாஃப்டின் மூட்டான யு-ஜாயின்டைக் கையால் ஆட்டினால் கடகடவென்று ஆடக் கூடாது. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்களையும், பாடி சேஸிஸின் மேல் உட்காரும் இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தையான சத்தம் வந்து துரு உதிர்ந்தால் உள்ளே இரும்பு இல்லை என்று பொருள். தாரில் தரைவிரிப்பையும் தூக்கிப் பாருங்கள். துணிக்கூரை வண்டிகளில் மழைநீர் இறங்கி அங்கேதான் தேங்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் எத்தனையோ கை மாறியிருக்கின்றன. இருக்கைகளின் அடிச் சட்டத்தில் சேற்றுக் கோடு, ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள கியர் தொகுதி) ஆயில் பால் கலந்த நிறம் ஆகியவை தண்ணீர் புகுந்ததற்கு அடையாளம்.

ஓட்டிப் பார்ப்பதை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். உழுத நிலம் ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ஃபோர் ஹையில் (நான்கு சக்கர இயக்கம், வழக்கமான வேகம்) போட்டு மெதுவாக நகர்த்தும்போது முன் சக்கரங்களும் மண்ணைத் தள்ளுகின்றனவா என்று ஒருவர் வெளியே நின்று கவனிக்கட்டும். பிறகு முழுவதுமாக நிறுத்தி, கிளட்சை மிதித்து ஃபோர் லோ (நான்கு சக்கர இயக்கம், குறைந்த வேகம், அதிக இழுவை) போடுங்கள். ஜிப்சியில் முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டும் வகை இருந்தால், அதைப் பூட்டாமல் லீவரை மட்டும் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். அதன்பின் தார்ச்சாலையில் டூ ஹையில் (பின் சக்கர இயக்கம் மட்டும்) 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போங்கள். ஜிப்சியின் ஸ்டியரிங் அந்த வேகத்தில் உதறினால் முன் அச்சின் முனையில் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம். தாரின் முன்பகுதி வேறு அமைப்பு. அங்கே அச்சு முனைகளில் உள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சினைப் பார்க்கக் காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்த பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மூச்சு விடக் கூடாது. தார் காமன் ரெயில் (டீசலை உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டர்கள் வழியே தெளிக்கும் முறை) டீசல் என்பதால் பம்ப்-நாசில் கடையில் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்ஜெக்டர்கள் போனால் வரும் செலவு மிகப் பெரியது.

இரண்டில் எது என்றால், உங்கள் தேவைக்குத் தார் என்பேன். ஜிப்சி எடை குறைந்தது, சேற்றில் துள்ளிக்கொண்டு போகும், எளிமையான வண்டி. எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் அதன் 1298 சிசி பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 103 நியூட்டன் மீட்டர் அளவுதான், அதுவும் அதிக சுழற்சியில். தாரின் 2498 சிசி டீசல் 247 நியூட்டன் மீட்டரைக் குறைந்த சுழற்சியிலேயே தருகிறது. ஆட்களோடு, வீட்டுப் புளி மூட்டையோடு மலை ஏற அதுவே உதவும். ஜிப்சி தயாரிப்பு நின்றுவிட்டது என்பதும், இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அரிக்கக்கூடும் என்பதும் கணக்கில் வர வேண்டும். எதை வாங்கினாலும் 5 லட்சத்தையும் விற்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு லட்சத்தைத் தனியே வையுங்கள். டயர், பிரேக், கிளட்ச், எல்லா ஆயில்கள் என்று முதல் சில மாதங்களில் அது தேவைப்படும்.

கேள்வி: டெல்லி பதிவு ஸ்கார்ப்பியோ ஃபோர் வீல், டீசல். இங்கு இருக்கும் விலையைவிட மிகக் குறைவாகத் தருகிறார்கள். ஏதாவது சூழ்ச்சி இருக்குமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: விலை குறைவதற்கு நேர்மையான காரணமே இருக்கிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலும் உச்ச நீதிமன்றம் 2018இலும் உத்தரவிட்டன. அதனால் அங்கே விலை விழுந்தது. ஆனால் படிவம் 28இன்படி டெல்லி அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தர வேண்டாம். இங்கே கொண்டுவந்த பின் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, டி.என். 83 போன்ற நம் ஊர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். வண்டி விலை, லாரியில் ஏற்றிவரும் கூலி, வரி, மாற்றுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நம் ஊர் விலைக்கு அருகில் வந்து நிற்கும். வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35உம் வேண்டும்.

கேள்வி: என் அப்பா தன் பழைய மஹிந்திரா ஜீப்பை ஒரு கார் கன்சல்டிங்கில் விற்றார். பெயர் இன்னும் மாறவில்லை. அபராத நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அவருக்கு 70 வயது, பயப்படுகிறார்.
– காட்பாடி வாசகி

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது, அம்மா, ஆனால் உடனே செயல்பட்டால் தீரக்கூடியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தும் முதல் உரிமையாளரே பொறுப்பாக்கப்பட்டார்.

விற்றதற்கான ரசீது, வங்கியில் பணம் வந்த பதிவு, வண்டி கொடுத்த தேதி இவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இன்றே எழுத்துமூலம் தெரிவியுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கன்சல்டிங்குக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். முறைப்படி விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29 வழியாகத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் படிவம் 30உடன் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்து இணையத்தில் அறிவித்துவிட்டால் வண்டியின் பொறுப்பு அவருக்குப் போய்விடும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் விட வேண்டும்.

கேள்வி: ஏலகிரி ஏறும்போது ஃபோர் வீல் போட்டால் வளைவுகளில் வண்டி இழுத்துப் பிடிக்கிறது, லீவரும் திரும்ப வருவதில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டதா?
– திருப்பத்தூர் வாசகர்

பதில்: போகவில்லை. ஆனால் இப்படியே ஓட்டினால் போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலை. அங்கே ஃபோர் வீலுக்கு வேலையே இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் சுற்றுகின்றன. உங்களுடையது போன்ற பழைய வண்டிகளில் அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க முன், பின் அச்சுகளுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் வழுக்கி அதைச் சமன்செய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். லீவர் சிக்குவது அதனால்தான். நேராகச் சில மீட்டர் பின்னால் ஓட்டினால் முறுக்கு தளர்ந்து லீவர் வந்துவிடும்.

நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழசு என்று ஓட்டினாலும் இதே முறுக்கு ஏறும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள். பயன்படுத்தாமலே விட்டால் முன்பகுதி ஆயில் சுழலாமல் சீல்கள் காய்ந்துவிடும். ஓடையைக் கடந்து வந்தால் இரண்டு டிஃபரன்ஷியல் ஆயிலையும் சோதித்து, எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் அடியுங்கள். வேலூர் வெயிலுக்கு ரேடியேட்டரைப் பங்குனிக்கு முன்பே சுத்தம் செய்து, கூலன்ட் மாற்றிவிடுவது நல்லது; வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: ஃபோர் வீல் என்று ரசீதில் எழுதி ஒரு கடைக்காரர் விற்றார். முன் ஷாஃப்டே இல்லை. புகார் செய்யலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். கடைக்காரர் என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குத் துணை நிற்கும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கும். வாங்கி 2 ஆண்டுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில கடைக்காரர்கள் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். இன்னொன்று: வேறு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கை வைக்க விடுமுன் வண்டியின் அடிப்பகுதியைத் தேதியோடு படம் எடுத்து, ஒரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி வையுங்கள்.