அந்த வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். திரைச்சீலையும் மேசை விரிப்பும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். மகள் கணினி அறிவியல் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் சுமார்தான். கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்காது, அதனால் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடு என்கிறாராம் மைத்துனர். நான்கு வருடத்துக்கு எட்டு லட்சம். வீட்டை வைத்துக் கல்விக் கடன் எடுக்கலாமா என்பது கேள்வி.

ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வேண்டாம்.

முதலில் கணக்கு. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதை வட்டியே இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வங்கி முதல் பணத்தைக் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. வருடம் இரண்டு லட்சமாக வாங்கி, 10 சதவீதம் தனி வட்டி என்று வைத்தாலும், படிப்பும் அதற்குப் பிந்தைய ஓராண்டு அவகாசமும் முடியும்போது எட்டு லட்சம் 10.8 லட்சமாகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 14,300 ரூபாய். மொத்தம் 17 லட்சத்துக்கு மேல். முதல் வேலையில் இருபதாயிரம் சம்பளம் என்றால் மிச்சத்தில் அவள் எப்படி வாழ்வாள்? இந்தக் கணக்கை மகளையே போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப்போகிறவள் அவளும்தான்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கலந்தாய்வு வழியாகப் போனால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது கிடையாது. மைத்துனர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ஒரு பீஸுக்குத் துணி, நூல், கூலி, கரண்ட், பேக்கிங் எவ்வளவு விழுகிறது என்று மகள்தான் நோட்டில் எழுதி வைக்கிறாள், அவள் சொல்லும் ரேட்டைத்தான் பார்ட்டியிடம் கேட்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இந்த வேலைக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: சி.எம்.ஏ., அதாவது அடக்கவிலைக் கணக்கியல். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் நடத்துகிறது.

பிளஸ் டூவில் எந்த குரூப் என்பது தடையில்லை. முதல் கட்டமான பவுண்டேஷனில் நான்கு தாள். அதில் ஒன்று வணிகக் கணிதமும் புள்ளியியலும், அது அவளுக்குச் சுலபம். அப்புறம் இன்டர்மீடியட், ஃபைனல், ஒவ்வொன்றிலும் எட்டு எட்டுத் தாள், இரண்டிரண்டு குரூப்பாக. தாளுக்குக் குறைந்தது 40, குரூப் சராசரி 50 வேண்டும். கூடவே 15 மாதச் செயல்முறைப் பயிற்சி. கோச்சிங்கை விட்டுப் பார்த்தால், எல்லாக் கட்டணமும் சேர்ந்து அந்தக் கல்லூரி ஒரு வருடத்துக்குக் கேட்கும் தொகையைத் தொடாது. கூடவே அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ, இடம் கிடைத்தால் பி.காமோ படிக்கட்டும். அங்கே கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான்.

வேலை எங்கே என்பீர்கள். கம்பெனிச் சட்டத்தின் 148-ஆம் பிரிவின்படி சிமென்ட், காகிதம், சர்க்கரை, ஜவுளி, உருக்கு, மருந்து போன்ற துறைகளில் குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டும் நிறுவனங்கள் அடக்கவிலைத் தணிக்கை செய்தே ஆக வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே புகளூர் பக்கம் காகித ஆலை, புலியூரில் சிமென்ட் ஆலை. தொழிற்சாலை இருக்கும் இடமெல்லாம் இவர்களுக்கு வேலை.

சுலபம் என்று ஏமாற்ற மாட்டேன். பாதியில் விடுகிறவர்கள் நிறைய. ஒரு குரூப்புக்கு இரண்டு மூன்று முறை உட்கார வேண்டி வரலாம். அப்படி உட்கார்ந்தாலும் போவது தேர்வுக் கட்டணம், வீடு அல்ல. அவளுக்கு இதில் மனம் இல்லையென்றால் இதையும் திணிக்காதீர்கள். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவளே சொன்னால், கலந்தாய்வில் கிடைக்கும் கல்லூரியில் சலுகையோடு சேருங்கள். நிர்வாக ஒதுக்கீடு மட்டும் எந்த வழியிலும் வேண்டாம்.

டிசம்பர் தேர்வு எழுத ஜூலை 31-க்குள் பவுண்டேஷனுக்குப் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் அவளிடம் பேசுங்கள், மைத்துனர் இல்லாத நேரமாகப் பார்த்து.