2,628 யார்டும் 11 ஆட்டமும்: ஒக்லஹோமா ஸ்டேட் கால்பந்துச் சாதனைகள், கேள்வி பதில்

ஸ்டில்வாட்டர் ஊரில் இருக்கும் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கவ்பாய்ஸ் அணியைப் பற்றி, அதிலும் அதன் சாதனைப் பட்டியல்களைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி, 1980களில் இங்கே ஆடிய ஓட்டக்காரர் பாரி சாண்டர்ஸிடமே வந்து நிற்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். பேசப்படுவது அமெரிக்கக் கால்பந்து என்பதை மட்டும் புதியவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தோடு முன்னேறும் தூரத்தை யார்டில் எண்ணுவார்கள்; எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்தால் அது டச்டவுன், 6 புள்ளி.

அண்ணா, 1988இல் பாரி சாண்டர்ஸ் ஓடியது ஒரு பட்டியலில் 2,628 யார்டு, இன்னொன்றில் 2,850 யார்டு என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான் தம்பி. 2,628 என்பது லீக் கால 11 ஆட்டங்களின் கணக்கு. அதற்குப் பிறகு டிசம்பர் கடைசியில் நடந்த ஹாலிடே பவுல் (பவுல் என்றால் சீசன் முடிந்த பின் நடக்கும் கூடுதல் ஆட்டம்) ஆட்டத்தில் வயோமிங் அணிக்கு எதிராக அவர் இன்னும் 222 யார்டு ஓடி, 5 டச்டவுன் போட்டார். அதைச் சேர்த்தால் 2,850.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்தக் காலத்தில் பவுல் ஆட்டங்களைச் சீசன் புள்ளிவிவரத்தில் சேர்க்கவில்லை. 2002இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆனால் பழைய வீரர்களின் கணக்கைத் திருத்தவில்லை. 2002க்குப் பின் ஆடியவருக்கு பவுல் யார்டு உண்டு, அதற்கு முன் ஆடியவருக்கு இல்லை. இரண்டு விதியில் எண்ணிய எண்கள் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக நிற்கின்றன. இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் கல்லூரிக் கால்பந்துப் பட்டியல்களில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

டச்டவுனிலும் இதே கதைதான். அதிகாரபூர்வமாக 39. அதில் 37 ஓடிப் போட்டவை, ஒன்று கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைக்கும்) பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடியது, இன்னொன்று பண்ட் (முன்னேற முடியாத எதிரணி உதைத்து விட்டுக்கொடுக்கும்) பந்தைத் திருப்பி ஓடியது. பவுல் ஆட்டத்தைச் சேர்த்தால் 44.

ஒன்றிரண்டு பலவீனமான அணிகளிடம் அள்ளிக் குவித்து அந்த மொத்தம் வந்திருக்குமோ?

நியாயமான சந்தேகம். ஆட்டம் ஆட்டமாகவே பார்த்துவிடலாம். மயாமி (ஒஹாயோ) 178, டெக்சஸ் ஏ அண்ட் எம் 157, டல்சா 304, கொலராடோ 174, நெப்ராஸ்கா 189, மிசூரி 154, கேன்சஸ் ஸ்டேட் 320, ஒக்லஹோமா (இது வேறு பல்கலைக்கழகம்) 215, கேன்சஸ் 312, அயோவா ஸ்டேட் 293, டெக்சஸ் டெக் 332.

கூட்டிப் பாருங்கள், சரியாக 2,628 வரும். நான்கு ஆட்டத்தில் 300ஐத் தாண்டியிருக்கிறார். ஆனால் என்னை அசர வைப்பது 332 அல்ல, 154. அந்தச் சீசனில் அவருடைய ஆகக் குறைந்த ஆட்டமே அதுதான். பல நல்ல ரன்னிங் பேக்குகளுக்கு (பந்தைச் சுமந்து ஓடுபவர்களுக்கு) வருடத்தின் சிறந்த நாளாக இருக்கக்கூடிய எண் அது. கேன்சஸ் ஸ்டேட், கேன்சஸ் இரண்டும் அந்த வருடம் பலவீனமான அணிகள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நெப்ராஸ்காவும் ஒக்லஹோமாவும் அப்படி இல்லை. அந்த இரண்டு ஆட்டத்திலும் கவ்பாய்ஸ் தோற்றது. நெப்ராஸ்காவிடம் 63-42, ஒக்லஹோமாவிடம் 31-28. தோற்ற ஆட்டங்களிலும் அவர் 189, 215 என்று ஓடியிருக்கிறார்.

கடைசி ஆட்டம் நடந்தது டோக்கியோவில். அங்கே இறங்கும்போது அவர் கணக்கில் இருந்தது 2,296. மார்கஸ் ஆலன் 1981இல் வைத்திருந்த சாதனை 2,342. எட்டிப் பிடிக்க 46 யார்டு போதும், ஆனால் அன்று அவர் 44 தடவை பந்தைச் சுமந்து 332 ஓடினார். அணி 45-42 என்று ஜெயித்தது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது அவருக்குத்தான் என்ற அறிவிப்பும் டோக்கியோவில் இருந்தபோதே வந்தது.

2024இல் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 யார்டு ஓடினாரே. 27 யார்டுதானே குறைவு? இரண்டு பேரும் சமம் என்று சொல்லலாமா, சார்?

ஜென்டி அருமையான ஓட்டக்காரர். அவர் பெருமையைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஃபியஸ்டா பவுலில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக இறங்கியபோது சாதனையை முறியடிக்க அவருக்கு 132 யார்டு தேவைப்பட்டது. 104இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அது அவருடைய 14ஆவது ஆட்டம். சராசரி பார்த்தால் ஜென்டிக்கு ஆட்டத்துக்கு 185.8, சாண்டர்ஸுக்கு 238.9. இடையில் 53 யார்டு வித்தியாசம். 2014இல் விஸ்கான்சினின் மெல்வின் கார்டன் எடுத்த 2,587ம் 14 ஆட்டத்தில் வந்ததுதான். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: மொத்த ரன்னில் பிராட்மனைத் தாண்டியவர்கள் ஏராளம், 99.94 என்ற சராசரியை யாரும் நெருங்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜென்டி 374 தடவை பந்தைச் சுமந்தார், சாண்டர்ஸ் 344 தடவை. ஒரு தடவைக்கு 7.0, 7.6. அதிக ஆட்டம், அதிக வாய்ப்பு, அப்படியும் 27 குறைவு. சமம் என்று என்னால் சொல்ல முடியாது.

அவ்வளவு பெரிய ஆள் என்றால் பல்கலைக்கழகத்தின் மொத்தக் கல்லூரிக்காலப் பட்டியலில் ஏன் முதலிடத்தில் இல்லை?

ஏனென்றால் அவர் முழுநேரத் தொடக்க வீரராக இருந்தது ஒரே ஒரு சீசன். 1986, 1987 இரண்டு வருடமும் அவருக்கு முன்னால் தர்மன் தாமஸ் இருந்தார். அந்தப் பட்டியலில் மேலே நிற்பவரும் அவர்தான், பவுல் சேர்க்காமல் 4,595 யார்டு. ஒரு எதிர்கால ஹால் ஆஃப் ஃபேம் (மாபெரும் வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) வீரருக்குப் பின்னால் இன்னொரு எதிர்கால ஹால் ஆஃப் ஃபேம் வீரர் காத்திருந்த அணி அது! காத்திருந்த நாட்களில் சாண்டர்ஸ் சும்மா இருக்கவில்லை. 1987இல் கிக்காஃப் பந்தைத் திருப்பி ஓடும் சராசரியில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். 1988 சீசனின் முதல் கிக்காஃபையே பிடித்து 100 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்.

கல்லூரிக்காலப் பட்டியலை வாசிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். 1972க்கு முன் பெரிய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் பொதுவாக முதன்மை அணியில் ஆட முடியாது. மூன்று வருடம்தான். அதற்குப் பின் நான்கு. 2020 கொரோனா சீசன் தகுதிக்காலக் கணக்கில் சேரவில்லை என்பதால் சிலருக்கு ஐந்து, ஆறு வருடம்கூடக் கிடைத்தது. 1960களின் ஒரு வீரர் பட்டியலில் கீழே இருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

இங்கே ஓடிய சூபா ஹபர்ட் எப்படி?

2019இல் 2,094 யார்டு, 13 ஆட்டம். அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். கனடாவிலிருந்து வந்த பையன். பவுல் ஆட்டத்துக்கு முன்னால் 1,936இல் இருந்தார், டெக்சஸ் பவுலில் 158 ஓடி 2,000ஐத் தாண்டினார். பழைய விதியாக இருந்திருந்தால் அவர் பெயர் 2,000 யார்டு பட்டியலில் ஏறியே இருக்காது. ஆட்டத்துக்கு 161 என்பது எந்தக் காலத்திலும் மிக நல்ல சராசரி. சாண்டர்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாவம்.

எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் யார் பெரியவர்? பிளாக்மனா, ஜேம்ஸ் வாஷிங்டனா, ரஷான் வுட்ஸா? வீட்டில் சண்டையே வருகிறது.

மூன்று பேரையும் மூன்று பட்டியல் காப்பாற்றுகிறது என்பதால் சண்டை முடியாது.

ஒரே சீசன் என்றால் ஜஸ்டின் பிளாக்மன், 2010. 12 ஆட்டத்தில் 111 கேட்ச், 1,782 யார்டு, 20 டச்டவுன். ஆடிய 12 ஆட்டத்திலும் 100 யார்டைத் தாண்டினார், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு டச்டவுன். இந்தப் பட்டியல்களில் சாண்டர்ஸின் 1988க்குப் பக்கத்தில் நான் வைக்கும் ஒரே சீசன் இதுதான். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதை 2010, 2011 இரண்டு வருடமும் வாங்கினார்.

கல்லூரிக்கால யார்டு என்றால் வாஷிங்டன் 4,472, வுட்ஸ் 4,414. ஆனால் வாஷிங்டன் அதை 226 கேட்சில் எடுத்தார், வுட்ஸுக்கு 293 தேவைப்பட்டது. நீளமான பாஸுக்கு வாஷிங்டன், எப்போதும் நம்பிப் பந்தை எறிய வுட்ஸ் என்று அதிலேயே தெரிகிறது. டச்டவுனில் வுட்ஸ் 42, வாஷிங்டன் 39. 2003இல் எஸ்.எம்.யூ. அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் வுட்ஸ் 7 டச்டவுன் பிடித்தார். உயர்மட்டப் பிரிவில் அது தேசியச் சாதனை.

என் ஓட்டு பிளாக்மனுக்கு.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளுக்கு ஓட்டத்தில் மைனஸ் யார்டு காட்டுகிறதே, அது எப்படி?

கல்லூரி விதியில், பந்தை எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்தினால், இழந்த யார்டை அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.இல் அணியின் பாஸ் கணக்கிலிருந்து கழிப்பார்கள். அதனால் கல்லூரியில் மைனஸ் 80 என்று இருந்தால் அவர் பின்னோக்கி ஓடினார் என்று அர்த்தமில்லை, அடிக்கடி சேக் ஆனார் (இப்படி வீழ்த்தப்பட்டார்), அவ்வளவுதான். கல்லூரி எண்ணையும் என்.எஃப்.எல். எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

பாஸ் சாதனை மேசன் ருடால்ஃபிடமா, பிராண்டன் வீடனிடமா?

ருடால்ஃப். 2017இல் 4,904 யார்டு, நாட்டிலேயே அதிகம். கல்லூரிக்காலத்தில் 13,618 யார்டு, 92 டச்டவுன். வீடனின் 2011 சீசன் 4,727. இருவருமே அந்தந்தச் சீசனில் 13 ஆட்டம் ஆடி 37 டச்டவுன் பாஸ் எறிந்தவர்கள், எனவே இங்கே ஒப்பீடு நேர்மையானது. ஆனால் வீடனின் அணி 12 வெற்றி, ஒரே தோல்வி என்று முடித்து ஃபியஸ்டா பவுலில் ஸ்டான்ஃபோர்டை 41-38 என்று வென்றது. பேஸ்பால் ஆடிவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்கு வந்த அவருக்கு அப்போது 28 வயது.

தடுப்பாட்டக்காரர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே, ஐயா?

கேட்டதற்கு நன்றி அம்மா. பேசாததற்கு ஒரு காரணம், என்.சி.ஏ.ஏ. டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது), சேக் எண்களை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 2000இல்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே எண்ணிக்கொண்டது. 1980களின் முதல் பாதியில் இங்கே ஆடிய லெஸ்லி ஓநீலின் 34 சேக் பல்கலைக்கழகக் கணக்கில் பெருமையாக இருக்கிறது, தேசியப் பட்டியலில் இடமில்லை. எண் இல்லாததால் பழைய தடுப்பாட்டக்காரர்களை மறந்துவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

ஒரு டச்டவுன் பாஸ் என்றால் எறிந்தவருக்கும் பிடித்தவருக்கும் 6, 6 புள்ளியா?

இல்லை. டச்டவுன் பாஸ் என்று எறிந்தவர் கணக்கில் ஒன்று, டச்டவுன் கேட்ச் என்று பிடித்தவர் கணக்கில் ஒன்று. 6 புள்ளி பிடித்தவருக்கு மட்டும்.

1945இல் நாட்டிலேயே அதிகம் ஓடியவரும் இந்த அணிக்காரர்தானாமே?

பாப் ஃபெனிமோர். அப்போது பல்கலைக்கழகத்தின் பெயர் ஒக்லஹோமா ஏ அண்ட் எம். 1,048 யார்டுதான், ஆனால் முழுச் சீசனே 8 ஆட்டம். ஆட்டத்துக்கு 131. பந்தை எறிவதும் அவர்தான். 1944, 1945 இரண்டு வருடமும் ஓட்டமும் பாஸும் சேர்ந்த மொத்த யார்டில் நாட்டில் முதலிடம். 1945 அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பயிற்சியாளர்கள் சங்கம் 2016இல் அந்த அணியை 1945இன் தேசியச் சாம்பியனாக அறிவித்தது.

2,628 ஒருநாள் உடையுமா?

உடையும் என்றுதான் நினைக்கிறேன். 2024 முதல், தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் 12 அணிகள். 12 லீக் ஆட்டம், மாநாட்டு (அணி ஆடும் குழுவின்) இறுதி ஒன்று, பிளேஆஃபில் நான்கு என்று ஒரு அணி 17 ஆட்டம்வரை ஆடலாம். 17 ஆட்டத்தில் ஆட்டத்துக்கு 155 ஓடினாலே 2,635 வந்துவிடும். மொத்தம் கைமாறும் நாளில் முறியடித்தவரை நானும் பாராட்டுவேன். 238.9 கைமாற, ஒருவர் 17 ஆட்டத்தில் 4,000க்கு மேல் ஓட வேண்டும்.

அண்ணா, நான் ஸ்டில்வாட்டரில் முதுகலை படிக்கிறேன். இந்தச் சாதனைகளை நானே அட்டவணை போட ஆசை. எங்கே தொடங்கலாம்?

நல்ல வேலை தங்கச்சி. பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் வெளியிடும் ஊடகக் கையேட்டில் எல்லாச் சீசனின் முன்னணி வீரர்களும் இருப்பார்கள். பெயர், யார்டு என்ற இரண்டு பத்தியோடு நிறுத்தாமல், ஆடிய ஆட்டம், எத்தனை தடவை பந்து கைக்கு வந்தது, பவுல் சேர்ந்ததா இல்லையா என்று மூன்று பத்தி கூடுதலாகப் போடுங்கள். 2002க்கு முந்தைய வீரர்களுக்கு பவுல் யார்டைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், மொத்தத்தில் கலக்க வேண்டாம். அப்புறம் ஆட்டச் சராசரியை வைத்து ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஃபெனிமோர் எங்கே வந்து நிற்கிறார் என்று எனக்கும் அனுப்புங்கள்.