ஒன்பதாவது மாடியில் ஏறிய சர்க்கரை

வாசகர் கேள்விகளும் குடும்ப மருத்துவரின் பதில்களும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 63 வயது. மயிலாடுதுறையில் சொந்த வீட்டில் இருந்தேன். கணவர் தவறிய பிறகு, இரண்டு வருடமாக மகனோடு சென்னையில் ஒன்பதாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறேன். முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் எட்டு கிலோ கூடிவிட்டது. போன மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.9. "வாயைக் கட்டும்மா" என்கிறான் மகன். அவமானமாக இருக்கிறது. நான் எங்கே தப்பு செய்தேன்?
— வாசகி, நாவலூர்

பதில்: உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், மயிலாடுதுறை வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைப் பட்டியலை விட்டுவிட்டு அதைத்தான் இரண்டு முறை படித்தேன். விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம். கிணற்றடியில் துவைக்கிற கல். ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு. கொல்லைக் கோடியில் கழிப்பறை. கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் கொல்லைக்குத்தான் போக வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பாடு. சாயங்காலம் மாயூரநாதர் கோயிலுக்கு நடந்து போய், மூன்று பிராகாரச் சுற்று.

இதில் ஒன்றையாவது உடற்பயிற்சி என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டு வேலை, சாமி கும்பிடுதல், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்தீர்கள், எத்தனை முறை தரையிலிருந்து எழுந்தீர்கள் என்று யாரும் எண்ணவில்லை. அந்த வீடே உங்களை எழுப்பி, நடக்க வைத்து, வேலை வாங்கிக்கொண்டிருந்தது.

இப்போது? வாசலில் ஸ்டிக்கர் கோலம். துணிக்கு மெஷின். கீழே போக லிஃப்ட். கொத்தமல்லிக் கட்டுகூடப் பத்து நிமிடத்தில் மணியடித்துக்கொண்டு வருகிறது. சாப்பாட்டில் ஒரு கரண்டி குறைத்திருப்பீர்கள். ஆனால் உழைப்பில் முக்கால்வாசி போய்விட்டது. கணக்கு எப்படி நேராகும்?

1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரைப் பார்த்த ஆய்வு. மாடி பஸ்ஸில் டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு ஷிஃப்டுக்கு 500 முதல் 750 படிகள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் டிரைவர்கள் அளவுக்கு உயிரை வாங்கவில்லை. கண்டக்டர்கள் யாரும் மனவுறுதி எடுத்துக்கொண்டு படியேறவில்லை. வேலை ஏற வைத்தது.

குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று ஒரு சந்தேகம் வருமல்லவா? மாரிஸுக்கும் வந்தது. சீருடைத் துறையின் ஏட்டை எடுத்து, கால்சட்டை இடுப்பளவுகளைப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது, இளவயதுக்காரர்களிடத்திலும்கூட. ஆகவே எல்லாப் பெருமையும் படிக்கட்டுக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் பிற்பாடு வேறு பல தொழில்களில் செய்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

லண்டனில் கால்சட்டை என்றால், எனக்கு ரவிக்கை. பல வருடம் கும்பகோணத்தில் மாடியில் கிளினிக் வைத்திருந்தேன். நோயாளிகள் ஏறச் சிரமப்படுகிறார்கள் என்று என் வீட்டின் முன்னறைக்கே மாற்றினேன். அவர்களுக்கு நல்லதாகத்தான் போயிற்று. எனக்குப் பத்து மாதத்தில் ரவிக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஊருக்கெல்லாம் "நடங்கள், நடங்கள்" என்று சீட்டெழுதிக் கொடுக்கிறவள் நான்! தையல்காரர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்க் கணக்கில் வரும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எடுத்து, பக்கத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மாத்திரை தேவையென்றால் தயங்க வேண்டாம்.

அப்புறம் வீட்டை மாற்றுவோம். "தினம் ஒரு மணி நேரம் நடை" என்று நான் எழுதினால் அது பொங்கல் வரை நிற்கும். அதற்குப் பதிலாக, கீழே இறங்க ஒரு காரணத்தை உண்டாக்குங்கள். வாசலுக்கு வரும் பாலை நிறுத்திவிட்டு, பாலும் கீரையும் நீங்களே போய் வாங்குங்கள். திரும்பும்போது லிஃப்டில் ஏழாவது மாடியில் இறங்கி இரண்டு மாடி ஏறுங்கள். இறங்குவதற்கு லிஃப்ட் போதும். முழங்காலுக்கு இறங்குவதுதான் அதிகப் பாரம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சாப்பிட்டதும் சோபாவுக்குப் போகாமல் வராந்தாவில் பத்து நிமிடம் போய் வாருங்கள். அப்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டுச் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம் போடுங்கள், அசோசியேஷன்காரர்கள் ஏதாவது சொன்னால் சொல்லட்டும்.

டீவி மேசையில் மிக்சர் டப்பா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணில் பட்டால் கை போகத்தான் செய்யும். கண்ணாடி டப்பாவை எடுத்துவிட்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. வேண்டுமானால் மகன் எடுத்துத் தரட்டும். வாயைக் கட்டச் சொல்கிற அவருக்கு இந்த வேலையாவது இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், 70 வயது. கையில் கட்டிய வாட்ச் தினம் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. எங்கள் தெருவில் நடைபாதையே இல்லை. இருக்கிற இடத்தில் பைக்குகள், இருட்டினால் நாய்கள். ஒரு முறை துரத்தி விழுந்ததோடு நடையை விட்டுவிட்டேன். இப்போது வாட்ச் திட்டுகிறது.
— வாசகர், திருச்சி

பதில்: வாட்சைக் கழற்றி வையுங்கள் சார். அந்த 10,000 மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்றது. 'மன்போ-கேய்', அதாவது பத்தாயிரம் அடி மானி, என்று அதற்குப் பெயர் வைத்தது. எண் அப்படியே உலகம் சுற்றிவிட்டது. 2019-ல் வந்த ஓர் ஆய்வு, சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்கள் சுமார் 17,000 பேரைப் பின்தொடர்ந்தது. 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஆக உங்கள் பிரச்சினை எண்ணிக்கை அல்ல, தெரு. இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை திருமங்கலம் பக்கத்தில் ஏசியாட் காலனி. 1990-களில் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் அங்கே ஆய்வு நடத்தியபோது, வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 14 பேர்தான். ஆய்வாளர்கள் சர்க்கரை நோயைப் பற்றி எடுத்துச் சொன்ன பிறகு, குடியிருப்போரே பணம் போட்டு ஒரு பூங்கா கட்டினார்கள். சில ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தால் 100-க்கு 59 பேர். பேச்சை மட்டும் கேட்டு இத்தனை பேர் நடந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பேசினதும் வேண்டும், நடக்க இடமும் வேண்டும்.

உங்களிடம் படித்த பிள்ளைகளில் ஒருவராவது இன்று வார்டு கவுன்சிலராகவோ மாநகராட்சி அலுவலராகவோ இருப்பார். நடைபாதைக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதி, தெருக்காரர்கள் இருபது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவதிலேயே ஆயிரம் அடி ஆகிவிடும். அதுவரை மொட்டை மாடி, வெளிச்சம் இருக்கும்போது.

கேள்வி: தனியார் அலுவலக வேலை. எங்கள் பிரிவைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினார்கள். என் இருக்கைக்குப் பின்னாலேயே டீ மெஷின். ஒரு நாளைக்கு ஆறு டீ ஆகிறது, அத்தனையும் சர்க்கரையோடு. முன்பு இரண்டுதான்.
— வாசகர், கோவை

பதில்: இருக்கையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். காரணம் கேட்டால் மெஷின் சத்தம் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. கிடைக்காவிட்டால் சின்ன டம்ளர் ஒன்று கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காத பட்டன் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல மெஷின்களில் உண்டு.

கேள்வி: சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வைப்பது தப்பா டாக்டர்? மாமியாருக்கும் எனக்கும் தினம் இதே வாக்குவாதம்.
— வாசகி, விருதுநகர்

பதில்: உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, சமையலில் போடுவதையும் சேர்த்து. கிண்ணத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோங்கள். கூடவே ஊறுகாய் ஜாடியையும். மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், அவர் என் பழைய நோயாளியாகவும் இருக்கலாம்.