கூன்வண்டுப் பொறியில் வண்டு விழவில்லையா?

வணக்கம் அண்ணா. வாளிப் பொறியில் லூர் (வண்டை இழுக்கும் வாசனைப் பொட்டலம்) மாட்டி ஒரு மாதமாகியும் 2 சிவப்புக் கூன்வண்டுதான் விழுந்தது, பொறி கட்டிய இளந்தென்னையிலேயே துளை விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். லூர் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

உள்ளே இருப்பது ஆண் வண்டு விடும் வாசனையின் செயற்கை வடிவம், ஃபெருஜினியால். ஆலையில் தயாரிக்கும்போது அந்த மூலக்கூறு நான்கு வடிவங்களாகக் கலந்து வரும். வண்டு விடுவது அதில் ஒன்றைத்தான். நல்லவேளை, மற்ற மூன்றும் வண்டை விரட்டுவதில்லை. அதனால் தனியாகப் பிரிக்கும் செலவு மிச்சம்.

ஆனால் அந்த வாசனை மட்டும் போதாது. வாளிக்குள் புளித்த வாடை வர வேண்டும். கரும்புத் துண்டைப் பிளந்து, வெல்லத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டு ஏறி வந்துவிடும். வாளியின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருந்தால் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், கால் பிடித்து ஏறட்டும்.

அப்புறம், முதல் வேலையாகப் பொறியை இளங்கன்றிலிருந்து எடுத்துவிடுங்கள். வாசனைக்கு வரும் வண்டெல்லாம் வாளிக்குள் விழாது. பெண் வண்டு பக்கத்து மரத்துக் காயத்தில் முட்டையிடும். தோப்பின் ஓரத்தில், நிழலில், இடுப்புயரத்தில் தனிக் கம்பு நட்டு மாட்டுங்கள்.

துளையில் பழுப்புச் சாறு வடிகிறதா? குருத்து இன்னும் பச்சையா? படம் போடுங்கள், பார்க்கிறேன்.